கையொப்பம் எனும் சாட்சியம்

ஹஜ் பயணம் புறப்படுகின்ற ஒருவரிடம் எத்தனை ஆவணங்கள் இருக்கின்றன! கடவுச்சீட்டு, விசா, தடுப்பூசி அட்டை, பயணச்சீட்டு. கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ இருந்து ஒருவர் புறப்பட்டால், வழியனுப்ப வருகின்ற உறவினர்கள் இவையெல்லாம் பத்திரமாக இருக்கின்றனவா என்று பல முறை கேட்பார்கள். ஆனால் அவருடைய உயிர் தங்கியிருக்கின்ற ஆவணம் அவற்றுள் ஒன்றன்று. அதனை அவர் ஒருபோதும் காண்பதில்லை. அதுதான் விமானத்தின் தொழில்நுட்பப் பதிவேடு.

ஒவ்வொரு விமானத்துக்கும் அவ்வாறு ஒரு பதிவேடு உண்டு. கண்ட பழுது எது, அது திருத்தப்பட்டதா, திருத்தியவர் யார் என்பன அதில் எழுதப்படுகின்றன. இறுதியில் அதிகாரம் பெற்ற ஒருவர், “இவ்விமானம் பறப்பதற்குத் தகுதியானது” என்று கையொப்பமிடுகின்றார். விமானி தாமாக எல்லாச் சக்கரங்களையும் கழற்றிப் பார்ப்பதில்லை. அந்தக் கையொப்பத்தை நம்பித்தான் அவர் ஆசனத்தில் அமர்கின்றார். அவரை நம்பி நாம் அமர்கின்றோம்.

அந்த நம்பிக்கை உடைந்த இடங்களுள் ஒன்று, நமது ஹாஜிகள் ஆண்டுதோறும் சென்றிறங்குகின்ற ஜித்தா விமான நிலையமே.

1991ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் திகதி. நைஜீரியாவின் சொகோட்டோ நகரத்து ஹாஜிகள் கடமையை நிறைவேற்றித் தாயகம் திரும்பிக் கொண்டிருந்தனர். விமானம் டி.சி.-8 வகையைச் சேர்ந்தது. நைஜீரிய விமான சேவைக்காகக் கனடாவின் நோலிஸ்எயார் நிறுவனம் அதனை இயக்கிற்று. பயணிகள் 247 பேர், பணியாளர் 14 பேர்.

புறப்படுவதற்கு முன்னர், இரண்டாம், நான்காம் இலக்க டயர்களில் காற்றழுத்தம் குறைந்திருப்பதைத் தலைமைப் பொறிவினைஞர் கண்டார். நைதரசன் வாயுவை நிரப்ப முயன்றார். அது உடனே கிடைக்கவில்லை. விமானமோ ஏற்கெனவே கால அட்டவணைக்குப் பின்தங்கியிருந்தது. மேலும் தாமதிக்க நிறுவனத்தின் திட்ட முகாமையாளர் இணங்கவில்லை. விமானம் அப்படியே புறப்படத் தயாராக்கப்பட்டது.

குறை சிறியதுதான். ஆயினும் அதன் விளைவைப் பாருங்கள். காற்றுக் குறைந்த இரண்டாம் டயர் தாங்கவேண்டிய சுமை, அதே அச்சிலிருந்த முதலாம் டயரின் மேல் விழுந்தது. புறப்பாட்டு ஓட்டத்திலே முதலாம் டயர் சிதைந்தது. அதன்பின் இரண்டாவதும் சிதைந்தது. அதன் சக்கரம் சுழலாது ஓடுபாதையில் உராய்ந்து தீப்பற்றியது. விமானம் மேலெழுந்ததும் சக்கரங்கள் உள்ளே மடங்கின. அவற்றோடு தீயும் விமானத்தின் வயிற்றுக்குள் சென்றது. சக்கரத்திலே தீ என்பதை அறியாத விமானிகள் முதலிற் காற்றழுத்தக் கோளாறு என்றே எண்ணினர். திரும்பி வந்து இறங்க முயன்ற விமானம், ஓடுபாதையை எட்டுவதற்கு ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் முன்னே வீழ்ந்தது. புறப்பட்டதிலிருந்து வீழ்ந்தது வரை சுமார் பத்து நிமிடங்கள். 261 பேரும் மாண்டனர்.

விசாரணையாளர்கள் சிதைவுகளை மட்டும் ஆராயவில்லை. பராமரிப்புப் பதிவுகளையும் புரட்டினார்கள். பராமரிப்புக் கைநூல் விதித்த டயர் அழுத்தச் சோதனைகள் முழுமையாகச் செய்யப்படவில்லை என்பதும், குறையை அறிந்தவர்கள் அதனைத் திருத்தவில்லை என்பதும் வெளிவந்தன. பறக்கத் தகுதியற்ற ஒரு விமானம், தகுதியானது என்ற கையொப்பத்தோடு அனுப்பப்பட்டிருந்தது. இதனை வெறும் எழுத்துப் பிழை என்று கடந்துபோக முடியுமா? 261 உயிர்கள் தொடர்பில் எழுதப்பட்ட பொய்ச் சாட்சியம் என்றே நான் சொல்வேன்.

இலங்கை மண்ணும் ஹாஜிகளின் குருதியைக் கண்டதுண்டு. 1974 டிசம்பர் 4ஆம் திகதி, இந்தோனேசிய ஹாஜிகளை ஏற்றி வந்த மார்ட்டின்எயார் விமானம் மஸ்கெலியாவுக்கு அருகே ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேர் இறந்தனர். நான்கு ஆண்டுகளின் பின்னர், 1978 நவம்பர் 15ஆம் திகதி இரவு, ஜித்தாவிலிருந்து திரும்பிய ஐஸ்லாந்து நாட்டு விமானம் கட்டுநாயக்கவில் இறங்க முயன்று வீழ்ந்தது. அதிலிருந்த 262 பேரில் 183 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் மிகப்பெரும்பாலோர் இந்தோனேசிய ஹாஜிகள். விமானிகள் விதிமுறைப்படி இறங்கவில்லை என்றது இலங்கையின் அறிக்கை. ஐஸ்லாந்துத் தரப்போ, விமான நிலையத்தின் வழிகாட்டுக் கருவியின் பழுதையும் அதன் பராமரிப்புக் குறையையும் கட்டுப்பாட்டாளர்களின் தவறுகளையும் சுட்டியது. முடிவுகள் முரண்பட்டன என்பது உண்மை. ஆயினும் இரண்டும் எழுத்திலே இருக்கின்றன. ஆதலால் இன்றும் ஒருவர் அவற்றை ஒப்புநோக்கித் தம் முடிவுக்கு வரலாம்.

நமது கரையோரத்தின் காயத்துக்கு அந்த வாய்ப்பும் எளிதிற் கிட்டவில்லை.

2000ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் திகதி, ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் ஸ்தாபகத் தலைவரும் அமைச்சருமான மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் கொழும்பிலிருந்து அம்பாறை நோக்கிப் புறப்பட்டார். அவரை ஏற்றிச் சென்ற விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகொப்டர் அரநாயக்க மலைப்பகுதியில் வீழ்ந்தது. அவரோடு மேலும் 14 பேர் உயிரிழந்தனர். பொதுத் தேர்தலுக்கு நான்கு வாரமும் இல்லாத வேளை. சம்மாந்துறையிற் பிறந்து, கல்முனையில் வளர்ந்து, ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகம் எழக் காரணமாயிருந்தவரின் முடிவு அது.

அன்றிலிருந்து சந்திக்குச் சந்தி கதைகள் பிறந்தன. சதி என்றார்கள் சிலர்; விபத்து என்றார்கள் சிலர். ஒவ்வொரு தேர்தல் மேடையிலும் அந்த மரணம் மீண்டும் பேசப்பட்டது. ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. ஆனால் அந்த ஆணைக்குழுவின் அறிக்கையைப் பெறுவதற்கு, கட்சியின் முன்னாள் தவிசாளர் பஷீர் சேகுதாவூத், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் துணையை நாட வேண்டியிருந்தது. ஒரு சமூகத்தின் தலைவர் எவ்வாறு இறந்தார் என்று சொல்லவேண்டிய தாளுக்காக, பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகியும் விண்ணப்பம் எழுத வேண்டிய நிலை!

அந்த ஹெலிகொப்டர் ஏன் வீழ்ந்தது என்று தீர்ப்புக் கூற இக்கட்டுரை முற்படவில்லை. நான் சொல்வது வேறு. யார் செய்தார் என்று கேட்பதற்கு நமக்கு ஆயிரம் வாய்கள் இருந்தன. அன்று காலை அந்த இயந்திரத்தைச் சோதித்தவர் யார், காலநிலை அறிக்கை என்ன சொன்னது, பராமரிப்புப் பதிவேட்டில் என்ன எழுதியிருந்தது என்று கேட்ட குரல்கள் எத்தனை? வதந்திக்குக் கையொப்பம் தேவையில்லை. உண்மைக்குத் தேவை.

திருக்குர்ஆனின் ஆக நீளமான வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள், சாட்சிகளை நிறுத்துங்கள் என்று கற்பிக்கின்ற வசனமாகும். சாட்சிகள் அழைக்கப்படும்போது மறுக்கலாகாது என்பதும் அதிலே உண்டு. பணத்துக்கே அத்தனை கவனம் வேண்டுமென்றால், உயிருக்கு எவ்வளவு வேண்டும்? அவசரத்தில் இடப்படும் கையொப்பம் ஒருவகைத் துரோகம். இடப்பட்ட பின்னர் மறைத்து வைக்கப்படும் அறிக்கை இன்னொரு வகைத் துரோகம். முதலாவது உயிரை எடுக்கின்றது. இரண்டாவது, எஞ்சியிருப்போரின் நிம்மதியை எடுக்கின்றது.