கவையும் பிளவும்: இருபாற்பட்ட உறுப்புகளைக் குறிக்கும் சொற்கள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

பெங்களூரு நகரின் தென்கிழக்கில் கோரமங்களாவை ஒட்டி அமைந்த ஈஜிபுரா, தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கும் பகுதிகளுள் ஒன்று. சாலை இரண்டாகப் பிரியும் இடத்தைக் கன்னடர் ‘கவலுதாரி’ என்பர். இரட்டைப் பிள்ளைகளைத் தெலுங்கர் ‘கவல பில்லலு’ என்பர். தமிழ்ச் சிறுவன் கையிலுள்ள உண்டிவில்லின் இருகிளைக் கோல் ‘கவட்டை’ எனப்படும். மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்களாம். பர்ரோ, எமனோ ஆகியோர் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திப் பதிப்பித்த திராவிட வேர்ச்சொல் அகராதி, கவர், கவை, கவடு, கவலை முதலிய தமிழ்ச் சொற்களை இவ்வினச் சொற்களோடு சேர்த்தே காட்டுகிறது. இவ்வேர் இருக்கவும், அறிவியல் தமிழில் இரண்டாய் அமைந்த உறுப்புகள் பலவற்றிற்குப் ‘பிளவு’ என்னும் சொல்லே முந்தி நிற்பது ஏன் என்பதும், அதனால் நேர்ந்தது யாது என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

சங்க இலக்கியத்தில் கவை

குறுந்தொகை 324ஆம் பாடலைப் பாடிய புலவரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. தாம் ஆண்ட தொடராலேயே அவர் கவைமகன் என வழங்கப்பெறுகிறார். முதலைகள் திரியும் நீர்வழியே இரவில் வரும் தலைவனுக்காகவும், அவன் வராவிடின் வருந்தும் தலைவிக்காகவும் ஒருசேர அஞ்சும் தோழி, நஞ்சுண்ட இரட்டைப் பிள்ளைகளின் தாயாகத் தன்னை உணர்கிறாள். இங்குக் ‘கவைமக’ என்பது ஒரு வயிற்றில் இருவராய்க் கிளைத்த மக்களைச் சுட்டுகிறது. அவர்கள் வெட்டுண்ட ஒன்றன் துண்டுகள் அல்லர், இருவரும் முழுமையானவர். அத்தாய் ஒருவரையும் விடமுடியாமல் தவிப்பதன் காரணமும் அதுவே. தெலுங்கில் இன்றும் உயிரோடுள்ள பொருள் தமிழில் இப்பாட்டிலே தங்கியுள்ளது.

புறநானூறு 322ஆம் பாடலில் வரும் ‘கவைமுள்’ இன்னும் நுட்பமானது. கள்ளியின் முள்ளை உழுத எருதின் கொம்புக்கு ஒப்பிடுகிறது அப்பாடல். சதுரக்கள்ளியின் முட்கள் இலையடிச் செதில்களின் திரிபாகத் தோன்றுவன. ஆதலின் அவை தனித்தனியே நில்லாமல் இரண்டிரண்டாக ஓரிடத்திலிருந்தே விரிகின்றன. தாவர நூலார் விரிவாக எழுதும் இச்செய்தியைப் புலவர் ஈரெழுத்து அடைமொழியில் அடக்கியுள்ளார். பெரும்பாணாற்றுப்படை நண்டைக் ‘கவைத்தாள் அலவன்’ எனக் குறிப்பதும் இவ்வகையினதே. ஓர் அடியும் இரு நுனியும் உடையது நண்டின் கொடுக்கு.

அகராதிகள் கவைக்குப் பிளவு என்னும் பொருளும் தருதலை மறுப்பதற்கில்லை. எனினும் மேற்காட்டிய மூன்றிடங்களிலும் முதன்மை பெறுவது ஒன்றிலிருந்து இரண்டு வளர்தலே. முழுதாய் இருந்தது உடைபட்டமை எங்கும் கருதப்படவில்லை. கவர் என்பதற்கு எண்ணின் வரையறை இன்மையும் ஈண்டு நோக்கத்தக்கது. சிலப்பதிகாரக் காடுகாண் காதையில் மதுரைக்குச் செல்லும் நெறி, சூலத்தின் வடிவில் மூன்றாகக் கவர்க்கிறது. ஆகவே இரண்டென வரையறுக்க வேண்டுமிடத்து ‘இருகவை’ என எண்ணடை கொடுத்தல் வேண்டும்.

விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஆடுமாடுகளின் இரட்டைக் குளம்பிற்கு ‘விரிகுளம்பு’ என்னும் சொல்லை ஆண்டனர். வெட்டுப்படாத ஓர் உறுப்பினைப் பிளந்ததாகக் கூறாது விரிந்ததாகக் கூறிய அவர்தம் மொழியுணர்வு பாராட்டத்தக்கது.

இலத்தீன் சொல்லின் இருமுகம்

ஐரோப்பிய அறிவியலில் இவ்வமைப்பிற்கு வழங்கும் அரிய சொல் ‘பைஃபிட்’ என்பது. இரண்டு எனப் பொருள்படும் முன்னொட்டும், பிளத்தலைக் குறிக்கும் ‘ஃபிண்டெரே’ என்னும் இலத்தீன் வினையும் சேர்ந்து அமைந்தது இது. பிறப்பால் பிளவுச் சொல்லாயினும், வழக்கில் அது பலவகை அமைப்புகளுக்கும் பொதுவாகிவிட்டது. 1899இல் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் ஆன்றி டிசியே, தாய்ப்பால் உண்ணும் குழந்தைகளின் மலத்தில் கவட்டைக் கோல் வடிவ நுண்ணுயிரியைக் கண்டு, அதன் வடிவங்கருதி ‘பைஃபிடஸ்’ எனப் பெயரிட்டார். அங்கே பிளந்தது ஒன்றுமில்லை. தமிழ்ப் புலவர் கண்டிருப்பின் கவைக்கோல் என்றிருப்பர்.

மனித எலும்புக்கூட்டில் இவ்விடர்ப்பாடு வெளிப்படையாகிறது. கழுத்து முள்ளெலும்புகளுள் இரண்டாவது முதல் ஆறாவது வரை உள்ளவற்றின் முள்நீட்சி பெரும்பாலும் நுனியில் இரண்டாய் விரிந்திருக்கும். இது நலமுடையார்க்கும் உள்ள இயல்பான அமைப்பு. இதனையும் ‘பைஃபிட்’ என்பர். கருவில் நரம்புக்குழல் மூடாமல் நின்றுபோவதால் முதுகெலும்பு வளைவு இணையாது பிறக்கும் குறைபாட்டையும் ‘ஸ்பைனா பைஃபிடா’ என்பர். இயல்புக்கும் ஊனத்திற்கும் ஒரே சொல். இலத்தீனில் இதனைத் தவிர்க்க வழியில்லை. தமிழில் வழி உண்டு.

கலைச்சொல்லாக்க முயற்சிகள்

யாழ்ப்பாணத்திற்கு 1847இல் வந்து, பின்னர் மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன் காலந்தொட்டு இப்பணி நடந்துவருகிறது. தமிழ்ச்சொல்லை முதலில் நாடுதல், பின் வடசொல், ஈற்றில் ஆங்கிலம் என்பது அவர் கொண்ட முறை. சேலத்தில் 1916இல் சி. இராசகோபாலாச்சாரியும் வெங்கடசுப்பையரும் முன்னின்று நடத்திய சங்கமும், சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் வெளியிட்ட ‘கலைச்சொற்கள்’ தொகுதியும் அடுத்த படிகள். இம்முயற்சிகளின் வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளமையின் இங்கு விரிக்கப்படவில்லை. அயற்சொல்லின் பகுதிகளை ஒவ்வொன்றாகப் பெயர்க்கும் பழக்கம் கலைச்சொல்லாக்கத்தில் எளிதில் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது மட்டும் குறிக்கத்தக்கது. இரண்டு என்பதற்கு ‘இரு’, பிளத்தல் என்பதற்குப் ‘பிளவு’ எனச் சொல் பிறந்துவிடும். பொருளை நேரிற் கண்டு பெயரிட வேண்டிய தேவை எழாது. தாவரவியல் பாடங்களில் ‘கவட்டைக் கிளைத்தல்’ என்னும் தொடர் வேரூன்றியது இதற்கு நல்ல விலக்கு.

பெயரிடுமுன் பொருளின் வளர்ச்சியை அறிதல் வேண்டும் என்பதற்கு மந்தாரை சான்றாகும். பெங்களூருச் சாலையோரங்களில் நிற்கும் இம்மரத்தின் இலை நுனியில் இரண்டாய்த் தோன்றும். கன்னடர் அதனைக் காளையின் குளம்பாகக் கண்டு ‘பசவனபாத’ என்றனர். இவ்வினத்திற்கு, சோழர் குடிப்பூவாகிய ஆத்தியும் இதனைச் சார்ந்ததாகவே கொள்ளப்பட்டது, ‘பாகினியா’ என்னும் பெயர் நிலைத்தது ழான், காஸ்பார் பாகின் என்னும் தாவரவியல் உடன்பிறப்பினர் இருவர் நினைவாக. ஈரிதழ் இலை ஈருடன்பிறந்தார்க்கு ஆகிவந்தது. கவைமகவை ஒத்த எண்ணமே இது. ஆயின் அவ்விலை, ஒன்று இரண்டாய் மடல்பட்டதோ, இரு சிற்றிலைகள் அடியில் ஒட்டியதோ எனத் தாவரவியலார் நெடுங்காலம் வாதிட்டுள்ளனர். கண்ணுக்குப் பிளவாய்த் தோன்றுவது கூடலாகவும் இருக்கக்கூடும்.

கூடாமை

மருத்துவத்தில் இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சி அளவில் நிற்பதில்லை. மேலுதடு, தனித்தனியே வளரும் முகப்பகுதிகள் நடுவில் வந்து கூடுவதால் உருவாவது. அக்கூடல் நிறைவுறாவிடில் இடைவெளி எஞ்சும். இருந்த உதட்டை எதுவும் பிளப்பதில்லை. ஈஜிபுரா போன்ற மும்மொழித் தெருவில் இதற்கு வழங்கும் பெயர்களை நோக்கின், கன்னடத்தில் ‘சீளு துட்டி’, அதாவது கிழிந்த உதடு, தெலுங்கில் ‘கிரகணம் மொர்ரி’, தமிழில் உதட்டுப்பிளவு. கிரகணத்தின்போது கருவுற்றவள் கத்தி எடுத்து எதையேனும் நறுக்கினால் குழந்தையின் உதடு அறுபடும் என்னும் நம்பிக்கை இந்நாட்டில் பரவலானது. பிளவு, கிழிவு என்னும் சொற்கள் அந்நம்பிக்கைக்குத் துணைபோகின்றன. பிளவு என்றவுடன் பிளந்தது யார் என்னும் வினா எழும். பழி பெற்றவள்மீது விழும்.

முதுகெலும்புக் குறைபாட்டிலும் நிலை இதுவே. நரம்புக்குழல் மூடுவது கருவுற்ற நான்காம் வார அளவில், தாய் தன் கருவை உறுதியாக அறியாத காலத்தில் நிகழ்ந்து முடிகிறது. இக்குறைபாடுள்ள கருவை முன்னர்ச் சுமந்த மகளிர்க்குக் கருவுறுமுன்பே ஃபோலிக் அமிலம் கொடுத்தால், மீண்டும் அது நேரும் வாய்ப்பு 72 விழுக்காடு குறைகிறது என 1991இல் பிரித்தானிய மருத்துவ ஆய்வு மன்றத்தின் ஆய்வு காட்டியது. ‘பிளவு’ என்று கேட்ட தாய் பிறந்தபின் நேர்ந்த அடியையோ தான் செய்த பிழையையோ தேடுவாள். ‘கூடாமை’ என்று கேட்டவள், கூடவேண்டிய காலம் எது, கூடுவதற்கு வேண்டுவது எது என வினவக்கூடும். அவ்வினாவிற்கு மருத்துவரிடம் விடை உண்டு.

ஆகவே ‘பைஃபிட்’ வருமிடந்தோறும் ஒரே சொல்லை இடாமல், நுனியில் விரிந்து வளர்வதற்குக் கவை எனவும், முழுமை உடைந்ததற்குப் பிளவு எனவும், இணையவேண்டியவை இணையாததற்குக் கூடாமை எனவும் பிரித்து ஆளலாம். கழுத்து முள்ளெலும்பு கவைமுள் ஆகும். கள்ளிக்குப் புறநானூற்றுப் புலவர் இட்ட பெயரே அது.