ராட்டினங்கள் போனபின் எஞ்சிய கூடங்கள்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நகரங்களில் மின் டிராம் வண்டிகளை ஓட்டிய நிறுவனங்கள், வேலை நாட்களில் நிரம்பி வழிந்த வண்டிகள் விடுமுறை நாட்களில் வெறுமனே ஓடுவதைத் தவிர்க்கும் பொருட்டு, தடம் முடியும் இடங்களில் கேளிக்கைப் பூங்காக்களை வளர்த்தன. தலைநகர் வாஷிங்டனுக்கு வடமேற்கே, மேரிலாந்து மாநிலத்தில், பொட்டோமாக் ஆற்றை ஒட்டிய மேட்டில் உள்ள க்ளென் எக்கோ பூங்கா அந்த மரபைச் சேர்ந்ததே எனினும், அதன் மிகப் பழைய கட்டடம் கேளிக்கைக்காக எழுந்ததன்று. கோடைக்காலத்தில் சொற்பொழிவு, இசை, சமயக் கல்வி ஆகியவற்றைப் பொதுமக்களுக்கு வழங்கிய 'ஷட்டாக்குவா' என்னும் இயக்கத்தின் கிளையாக 1891இல் அங்கு தொடங்கப்பட்ட மையத்துக்காக எழுப்பப்பட்ட கற்கோபுரம் அது. அப்பகுதியில் மலேரியா பரவுவதாகக் கிளம்பிய வதந்தியால் அந்த முயற்சி ஒரு கோடையைத் தாண்டவில்லை. 1911இல் வாஷிங்டன் டிராம் நிறுவனம் இடத்தை வாங்கியபோது அது ஏற்கெனவே கேளிக்கைப் பூங்காவாகியிருந்தது.

1921இல் டென்ட்செல் பட்டறையில் செதுக்கப்பட்ட குதிரை ராட்டினமும், 1931இல் 'கிரிஸ்டல் பூல்' என்னும் பெரிய நீச்சல் குளமும், 1933இல் ஸ்பானியப் பாணி முகப்புடன் 'ஸ்பானிஷ் பால்ரூம்' என்னும் நடனக் கூடமும் அங்கு அமைந்தன. இவை அனைத்தும் வெள்ளையருக்கு மட்டுமே உரியவையாக இருந்தன. 1960 ஜூன் 30 அன்று ஹோவர்டு பல்கலைக்கழக மாணவர்களின் தலைமையில் நடந்த எதிர்ப்பில், ராட்டினத்தில் ஏறி அமர்ந்த ஐந்து கறுப்பின இளைஞர்கள் அத்துமீறி நுழைந்ததாகக் கைது செய்யப்பட்டனர். அண்டைக் குடியிருப்பு மக்களும் சேர்ந்துகொண்ட மறியல் கோடை முழுவதும் நீடித்து, மறு ஆண்டு வாயில் அனைவருக்கும் திறந்தது. கைது செய்த காவலர் அரசின் துணை ஷெரீஃப் அதிகாரத்துடன் பூங்காவின் இனப்பாகுபாட்டை நடைமுறைப்படுத்தியதால் அது அரசே செய்த பாகுபாடாகும் என்று கூறி, 1964இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு விதிக்கப்பட்ட தண்டனைகளை நீக்கியது. பழைய பூங்காக்களை இழந்த இன்பங்களாக மட்டும் நினைவுகூரும் நூல்கள், அந்த இன்பம் யாருக்குக் கிடைத்தது என்பதைப் பெரும்பாலும் அடிக்குறிப்பில் ஒதுக்கிவிடுகின்றன.

டிராம் நின்றுபோய், கூட்டமும் குறைந்த நிலையில், 1968 பருவத்துடன் பூங்கா மூடப்பட்டது. ஆற்றங்கரையில் அடுக்குமாடிகள் எழுவதை விரும்பாத மத்திய அரசு நிலமாற்றின் மூலம் இடத்தைப் பெற்று, 1971இல் தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் விட்டது. அதற்குள் கேளிக்கை இயந்திரங்கள் பல விற்கப்பட்டிருந்தன. ராட்டினமும் விலைபோன பிறகு, ஊர்மக்கள் நிதி திரட்டி அதை மீட்டனர்.

எஞ்சியவை கூரைகளும் தளங்களும். ஒரு கேளிக்கைச் சாதனம் அதன் இயந்திரம் அகன்றதும் பொருளற்றுப் போகிறது. ஆனால், தூண்கள் குறைந்த பரந்த தளத்தையும் உயர்ந்த கூரையையும் உடைய கூடம், உள்ளே நடப்பது மாறினாலும் பயனை இழப்பதில்லை. மோதுகார்கள் ஓடிய கொட்டகையில் நடனம் நடக்கிறது. காசு போட்டு விளையாடும் பொறிகள் இருந்த 'ஆர்கேட்' கட்டடத்தில் குழந்தைகள் நாடகக் குழு குடியேறியது. கற்கோபுரமும் பிற அறைகளும் கலைஞர்களின் பட்டறைகளாயின. இதற்கு நேர்மாறானது கிரிஸ்டல் பூல்: தண்ணீருக்காக மட்டுமே தோண்டப்பட்ட அதற்கு வேறு வேலை கிடைக்காததால், இன்று முகப்பு மட்டுமே நிற்கிறது.

கோடையை மட்டும் எண்ணி மலிவாகக் கட்டப்பட்ட இக்கட்டடங்களைப் பராமரிக்கும் செலவு பூங்காத் துறையின் நிதிக்கு மீறியதாகவே இருந்தது. 20 ஆண்டுகள் நீடித்த ராட்டினச் சீரமைப்பு 2003இல் நிறைவுற்றது. மத்திய, மாநில, மாவட்ட அரசுகள் செலவைப் பகிர்ந்துகொண்டதால் பால்ரூமும் அதே ஆண்டு புதுப்பிக்கப்பட்டது. 2002இல் அன்றாட நிர்வாகத்தை லாப நோக்கற்ற அமைப்பொன்று ஏற்றுக்கொண்டது; நிலமும் கட்டடங்களும் மத்திய அரசிடமே உள்ளன.