கஞ்சியும் ஒரு சிட்டிகை உப்பும்

காய்ச்சல் கண்ட வீட்டில் முதலில் அடுப்பேற வேண்டியது கஷாயமா, கஞ்சியா என்றொரு விவாதம் அண்மையில் எங்களுக்குள் எழுந்தது. 2012இல் டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீரையும், 2020இல் கபசுரக் குடிநீரையும் வரிசையில் நின்று வாங்கிப் பருகியவர்கள் கஷாயத்தின் பக்கம் நின்றனர். மற்றவர்கள் பாட்டிமாரைச் சாட்சிக்கு அழைத்துக் கஞ்சிக்காக வாதாடினோம். விவாதம் முடியவில்லை. ஆனால் கஞ்சியின் தடத்தைத் தேடிப் புறப்பட்ட நாங்கள், எதிர்பாராத சில ஊர்களுக்குச் சென்று சேர்ந்தோம்.

முதலில் ஒரு சொல். கடும் நோய்களில் உண்ண வேண்டியவை குறித்து, ஹிப்பாகிரட்டீஸின் பெயரால் வழங்கும் கிரேக்க நூல் ஒன்று உண்டு. அதில் பெரும்பகுதி வாற்கோதுமைக் கஞ்சியைப் பற்றியது. தானியத்தோடு கொடுப்பதா, வடித்த நீரை மட்டும் கொடுப்பதா, எந்த நாளில் எதைக் கொடுப்பது என்று அந்நூல் தீவிரமாக வாதிடுகிறது. அக்கஞ்சிக்குக் கிரேக்கர் இட்ட பெயர் 'ப்டிஸானே'. அச்சொல்லே பிரெஞ்சில் 'டிஸான்' ஆகி, இன்று மூலிகைத் தேநீரைக் குறிக்கிறது. ஆக, நாங்கள் சண்டையிட்டுக்கொண்ட இரண்டும் அங்கே ஒரே பெயரின் இரு பருவங்கள். நம் நாட்டிலும் நிலை வேறன்று. சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் இருபத்தெட்டு வகைக் கஞ்சிகளை அடுக்குகிறது. அவற்றுள் பல, மருந்துச் சரக்குகளை இட்டுக் காய்ச்சியவை. சுக்கும் மிளகும் தட்டிப் போட்டு நம் வீடுகளில் காய்ச்சும் நொய்க்கஞ்சியும் அந்த இனத்தைச் சேர்ந்ததே.

இனி கோவாவுக்கு வருவோம். 1534இல் போர்ச்சுகலிலிருந்து அங்கு வந்த மருத்துவர் கார்சியா ட ஓர்ட்டா, இந்திய மூலிகைகளையும் மருந்துகளையும் பற்றி உரையாடல் வடிவில் எழுதிய நூல் 1563இல் கோவாவிலேயே அச்சாயிற்று. (கவி கமோயன்ஷின் கவிதை முதன்முதலாக அச்சில் ஏறியதும் இந்நூலில்தான். இலக்கிய அன்பர்கள் இதற்காகவேனும் ஓர்ட்டாவுக்கு நன்றி சொல்லலாம்.) வாந்திபேதியால் வீழ்ந்தவருக்கு உள்ளூர் வைத்தியர்கள் மிளகும் சீரகமும் சேர்த்த அரிசி நீரைக் கொடுக்கிறார்கள், அதைக் 'கான்ஜெ' என்கிறார்கள் என்று அவர் எழுதி வைத்தார். தமிழும் மலையாளமும் பகிர்ந்துகொள்ளும் கஞ்சி என்ற சொல் ஐரோப்பிய ஏட்டில் ஏறிய தொடக்கத் தருணங்களில் இது ஒன்று. ஓர்ட்டா 1568இல் இறந்தார். யூத வழியினர் என்பதால், மதவிசாரணை மன்றம் 1580இல் அவர் எலும்புகளைத் தோண்டியெடுத்து எரித்தது.

அவர் பதிவு செய்த சொல் மட்டும் எரியவில்லை. போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் நோயாளிக்குத் தரும் அரிசியிட்ட கோழிச் சாற்றுக்கு இன்றும் 'கன்ஜா' என்றே பெயர். ஆங்கிலத்தில் அது 'கான்ஜி' ஆயிற்று. இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படைகளில் சிப்பாய்களை அடைத்துவைக்கும் அறைக்குக் 'கஞ்சி வீடு' என்ற பெயரும் வழங்கியது. உள்ளே கிடைத்த உணவு அதுதானாம்! நோயாளியின் உணவு கைதியின் உணவுமானது, கஞ்சியை ஐரோப்பியர் எவ்வளவு மதித்தனர் என்பதற்குச் சான்று.

அந்த அலட்சியத்துக்கு விலை இருந்தது. 1817இல் வங்கத்தில் வெடித்த காலரா சென்னை மாகாணத்தையும் வாரியது. கும்பினி மருத்துவர்கள் இரத்தத்தை வெளியேற்றினர். ரசக் கலவையான கலோமலைப் பெரும் அளவில் புகட்டினர். தாகத்தால் தவித்தவருக்குத் தண்ணீர் தராது தடுத்தவர்களும் அவர்களுள் உண்டு. நீர் வற்றிச் சாகிறவனிடமிருந்து மேலும் நீரை எடுப்பதே அன்றைய சிகிச்சை. காலரா நோயாளியின் இரத்தம் நீரையும் உப்பையும் இழக்கிறது என்று ஓ ஷாக்னஸி என்ற இளம் மருத்துவர் கண்டறிந்ததும், 1832இல் ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா உப்புநீரை நரம்பில் ஏற்றிச் சிலரைப் பிழைக்கவைத்ததும் விரைவிலேயே மறக்கப்பட்டன.

நம் வீடுகளை மட்டும் குற்றமற்றவை என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று மறுத்த பெரியவர்களை நாங்களே கண்டிருக்கிறோம். உப்பில்லாப் பத்தியமும் நம்முடையதுதான். ஓர்ட்டாவின் அந்த வரியைத் திரும்பப் படியுங்கள்: மிளகு உண்டு, சீரகம் உண்டு, உப்பு இல்லை.

அந்த உப்பில்தான் சூட்சுமம். குடலில் சர்க்கரையும் சோடியமும் கைகோத்தே உள்ளே நுழைகின்றன, அவற்றின் பின்னால் நீரும் செல்கிறது என்ற விளக்கத்தை ராபர்ட் கிரேன் 1960இல் முன்வைத்தார். காலராவிலும் இந்த வாசல் அடைபடுவதில்லை. 1968இல் டாக்காவில் நாலின், காஷ் என்ற இரு இளம் மருத்துவர்கள், வாய்வழிக் கரைசல் நரம்புவழி நீரின் தேவையைப் பெருமளவு குறைப்பதைக் காட்டினர். 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் நிறைந்த பன்காவ் முகாமில் திலீப் மகலனாபிஸுக்கு நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோனது. ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலக்கி, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துப் புகட்டச் செய்தார். முப்பது விழுக்காட்டை எட்டியிருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கியது. 2022இல் அவர் மறைந்தபோது நம் செய்தித்தாள்கள் அவருக்கு ஒதுக்கிய இடம் மிகச் சிறிது.

அரிசி அதன்பின் மீண்டும் வந்தது. 1980களில் டாக்கா ஆய்வாளர்கள் குளுக்கோஸுக்குப் பதில் அரிசி மாவைக் காய்ச்சி, உப்புகள் கலந்து கொடுத்தனர். மாவுச்சத்து மெல்லச் செரித்துச் சர்க்கரையாவதால், காலரா நோயாளிகளுக்குப் போக்கின் அளவு குறைந்தது. மற்ற வயிற்றுப்போக்குகளில் அவ்வளவு வேறுபாடு இல்லை. அதே பத்தாண்டுகளில் பிராக் அமைப்பின் பெண்கள் வங்கதேசக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று, மூன்று விரலால் எடுத்த உப்பையும் ஒரு பிடி வெல்லத்தையும் நீரில் கரைக்கத் தாய்மாருக்குக் கற்பித்தனர். கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். அளவுக் கரண்டியாக இருந்தவை அப்பெண்களின் விரல்களே.

இவ்வளவும் தெரிந்தபின் எங்கள் விவாதத்தின் கேள்வியே மாறிவிட்டது. 'நோய் எதிர்ப்பு சக்தியைப் பெருக்கும்' என்று அச்சிட்டு இன்று கடைகளில் விற்கும் பொடிகளின் வாக்குறுதியைப் பழைய சமையற்கட்டு தந்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை. நோயோடு போரிடும் வேலையை அது உடலிடமே விட்டது. அந்தப் போர் முடியும்வரை நீரும் எளிதில் செரிக்கும் உணவும் உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும் என்பதே அதன் கவலை. வாய் கசக்கும் காய்ச்சலில் இஞ்சியின் காரமும் சீரகத்தின் மணமும் நோயாளியை இன்னும் இரண்டு மிடறு குடிக்கவைத்தால், கஷாயத்தின் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது.

உலகில் ஆண்டுதோறும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இன்னும் வயிற்றுப்போக்கால் இறக்கின்றனர். வெறுங்கஞ்சி அவர்களுக்குப் போதாது. உப்புக் கரைசலும், தேவையெனில் மருத்துவமனையும் வேண்டும். எங்கள் நண்பரொருவர் வீட்டில் கஷாயப் பொட்டலங்கள் நான்கைந்து அடுக்கியிருந்தன. உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்றுகூட இல்லை. மறுநாள் மருந்துக்கடைக்குப் போய் இரண்டு வாங்கி வந்ததாகச் சொன்னார்.