இலையில் வெட்டிய அம்பு

வேடர்கள் வாழும் தம்பானை நம்ம பதுளை மாவட்டத்தில்தான் இருக்கிறது. மஹியங்கனைப் பக்கம் போனால் அவர்களுடைய வில்லோடு படம் எடுத்துக்கொள்கிறோம். அந்த வில்லால் குறி எப்படித் தப்பியது என்று கேட்பதில்லை.

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் ஒரு விஷயம் எழுதியிருக்கிறார். வேடர் இரவில் வந்து, அம்பின் உருவத்தை இலையில் வெட்டி, இறைச்சியோடு கொல்லன் பட்டறையில் தொங்கவிடுவார்களாம். கொல்லன் அப்படியே செய்து வைத்தால் இன்னும் இறைச்சி வருமாம்.

யோசித்துப் பாருங்கள்: இலை உருவத்தைச் சொல்லும், எடையைச் சொல்லுமா? கையால் அடித்த இரும்பு ஒன்றுக்கொன்று கூடக்குறையத்தான் இருக்கும். முனை கனமான அம்பு முன்பே தாழும். அதனால்தான் வேடர் தூரத்தில் நின்று எய்யவில்லை, மிருகத்துக்குக் கிட்டப் பதுங்கிப் போனார்கள் என்று நாம் நினைக்கிறோம்.

1966இல் அமெரிக்காவின் ஹொலஸ் அலன் கப்பி வைத்த வில்லுக்கு உரிமம் கேட்டார், 1969இல் கிடைத்தது. கப்பி இழுப்பவருக்கு உதவும். அம்பின் குறையை மாற்றாது. இன்றும் அம்பு சிதறினால் அம்புகளின் எடையும் விறைப்பும் ஒன்றா, நாணில் ஒரே இடத்தில் பொருத்துகிறோமா, இரு கப்பிகளும் ஒன்றாகச் சுழல்கின்றனவா என்றுதான் பார்க்கிறார்கள்.

வேடருக்கோ வேறு தடை வந்தது. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்காவானது. பரம்பரையாக வேட்டையாடிய காட்டில் வேட்டை சட்டவிரோதமானது.