விட்ட தூரிகையை மீண்டும் எடுத்தோர்: செய்தித்தாட் சித்திரத் தொடர் வரலாற்றில் ஓர் ஆய்வு

கலைகளுட் பல, கலைஞன் விரும்பிய காலத்தில் விரும்பிய அளவில் இயற்றப்படுவன. சிற்பி உளியைக் கீழே வைத்தால் கல் காத்திருக்கும். புலவன் எழுத்தாணியை வைத்தால் ஏடு காத்திருக்கும். செய்தித்தாட் சித்திரத் தொடருக்கோ இச்சலுகை இல்லை. ஒவ்வொரு நாளும் விடியுமுன் மூன்று நான்கு கட்டங்கள் நிரம்பியாதல் வேண்டும். 1895இல் நியூயோர்க் நகரத்து 'வேர்ல்ட்' பத்திரிகையில் 'மஞ்சட் பையன்' என்னும் சித்திரப் பாத்திரம் தோன்றிய காலந்தொட்டு இக்கலையின் வலிமையும் வருத்தமும் இத்தொடர்ச்சியே எனலாம். இத்தகைய கலையை இடைநடுவில் விட்டவர், பின்னர் அதற்குத் திரும்புதல் இயலுமா? திரும்பின் எதைக் கொண்டு வருவர்? இவ்வினாக்களை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண், விடாது வரைந்தவர் ஒருவரை நோக்குவோம். 'பீநட்ஸ்' தொடரை 1950ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய சாள்ஸ் சுல்ட்ஸ், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் 17,897 தொடர்களைத் தம் கையாலேயே வரைந்தார். 1997இல் ஐந்து வாரம் ஓய்வு கொண்டமையே அவர் பெற்ற பெரிய விடுமுறை. 2000ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் நாள் அவர் மறைந்தார். மறுநாட் காலையில் அவருடைய இறுதிச் சித்திரம் வெளியாயிற்று. இத்தகைய உழைப்பை வியவாதார் இலர். ஆயினும் எல்லாராலும் இயலுவதன்று இது, எல்லார்க்கும் ஏற்றதுமன்று.

கரி ட்ரூடோ 'டூன்ஸ்பரி' என்னும் தொடரை 1970இல் தொடங்கினார். அரசியல் அங்கதத்திற் சிறந்த அத்தொடர் 1975இற் புலிட்சர் பரிசு பெற்றது. ஆயின் அதன் மாந்தர் பன்னிரண்டு ஆண்டுகளாகியும் கல்லூரி மாணவராகவே இருந்தனர். நாடு மாறியது; அவர்கள் மாறவில்லை. இக்குறையை உணர்ந்த ட்ரூடோ 1983ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் பணியை நிறுத்தினார். ஒன்றேமுக்கால் ஆண்டு சென்றபின், 1984இன் இறுதிப்பகுதியில், மீண்டும் வந்தார். அப்போது அவர்தம் மாந்தர் பட்டம் பெற்று, தொழில் தேடி, இல்லறம் நாடும் இளைஞராயினர். விடுமுறை அவர்க்கு ஓய்வு மட்டுமன்று. தம் பாத்திரங்களுக்கு அவர் வழங்கிய வயதுமாகும்.

'கல்வினும் ஹொப்சும்' என்னும் தொடரை 1985இல் தொடங்கிய பில் வாட்டர்சனின் வரலாறு பிறிதொரு வகையினது. தம் பாத்திரங்களைப் பொம்மையாகவும் பிற வாணிபப் பண்டமாகவும் விற்க அவர் இசைந்திலர். அதன்பொருட்டு நெடிது போராடினார். 1991இல் விடுமுறை கொண்டு 1992இல் திரும்பியபோது, ஞாயிற்றுக்கிழமைச் சித்திரத்தைப் பத்திரிகைகள் தம் வசதிக்கேற்ப வெட்டி அடுக்கும் வழக்கத்தை மறுத்து, பக்கத்தின் பாதியைத் தாம் கருதியவாறு அமைக்கும் உரிமையைப் பெற்றே திரும்பினார். அதன்பின் தோன்றிய சித்திரங்களின் அகலமும் அழகும் அவ்விடைவெளியின் பயன் என்க. 1994இற் பின்னும் ஒருமுறை விடுமுறை கொண்டார். 1995ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் தொடரை முற்ற நிறுத்தினார். 2014இல் வேறொருவர் தொடரில் மூன்று நாட் சித்திரங்களில் மறைவாகக் கைகலந்தமை உண்டு. தம் தொடருக்கு மட்டும் அவர் மீளவில்லை. சொல்லவேண்டுவதைச் சொல்லி முடித்தவன் வாய்மூடுதலும் கலைநெறியே.

பேர்க்லி பிரெத்தெட் என்பவரோ 1989இல் நிறுத்திய 'புளூம் கவுண்டி' தொடரை ஏறத்தாழக் கால் நூற்றாண்டின்பின், 2015இல் மீண்டும் வரையலானார். இம்முறை அவர் நாடியது செய்தித்தாளை அன்று, முகநூலை. நாள்தோறும் கட்டம் நிரப்பும் கடன் நீங்கவே, தோன்றியபோது வரையும் உரிமை அவர்க்குக் கிட்டியது.

நம் நாட்டிலும் தமிழகத்திலும் இதற்கு இனமான செய்திகள் உள. ஒரே ஆண்டில், 1924இல், பிறந்த இருவரைக் காண்க. கரவெட்டியிற் பிறந்து பம்பாயிற் கட்டடப் படவரைகலை பயின்ற சிவஞானசுந்தரம், 'தினகரன்' இதழில் 'சவாரித்தம்பர்' என்னும் சித்திரத் தொடரை வரைந்து புகழ் பெற்றார். பின்னர் 1963இற் 'சிரித்திரன்' என்னும் இதழைத் தாமே நிறுவி, சவாரித்தம்பரை அதன்கண் உலவவிட்டார். பிறர் ஏட்டில் வளர்ந்த பாத்திரம், படைத்தவன் ஏட்டிற்கே வந்து சேர்ந்தது. தஞ்சையிற் பிறந்த கோபுலு, 'ஆனந்த விகடனில்' நெடுங்காலம் வரைந்தபின் விளம்பரத் துறைக்குச் சென்று, பிற்காலத்தில் மீண்டும் இதழ்களுக்கு வரைந்தார். முதுமையில் வாதநோயால் வலக்கை செயலிழந்தபோது இடக்கையாற் கோடிழுக்கப் பழகினார். கலை கையில் மட்டும் உறைவதன்று, கண்ணிலும் கருத்திலும் உறைவது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மலையகத்தாராகிய நமக்கு இவ்வுண்மை புதிதன்று. கொழுந்து பறித்துப் பறித்துச் சோர்ந்த தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகின்றனர். வெட்டிய மலை சில திங்கள் வெறுங்குச்சியாய் நிற்கும். அறியாதார் அதனைப் பட்ட செடி என்பர். ஆயின் அவ்வோய்வின்றி நல்ல கொழுந்து இல்லை. புதிதாகத் துளிர்ப்பதும் பழைய இலையன்று.

இந்நெறிக்கு மலையகம் தந்த சான்று சி. வி. வேலுப்பிள்ளை. பூண்டுலோயா மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்து, இளமையிலே ஆங்கிலக் கவிதையில் ஈடுபட்ட அவரைத் தொழிற்சங்கமும் அரசியலும் ஈர்த்தன. 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் வென்ற எழுவருள் ஒருவராய், தலவாக்கலைத் தொகுதிக்காகப் பாராளுமன்றம் புக்கார். 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலாரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்மக்கள் தமக்கென ஒருவரையும் அனுப்ப இயலாதவராயினர். மன்றத்தின் கதவு அடைபட்டபின், 1954இல், 'இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில்' என்னும் பொருள்படும் அவருடைய ஆங்கிலக் கவிதைநூல் வெளிவந்தது. அரசியலுக்குச் செல்லுமுன் இருந்த இளங்கவிஞரின் குரலன்று அதில் ஒலிப்பது. தம் மக்கள் உரிமை இழந்தமையைக் கண்ணாரக் கண்டவரின் குரல். சக்தீ பால ஐயா அதனைத் தமிழாக்கினார். 'வீடற்றவன்' முதலிய தமிழ் நாவல்களும் அவரிடமிருந்து தோன்றின.

தூரிகையாயினும் எழுதுகோலாயினும், மீட்சி என்பது விட்ட இடத்தில் தொடங்குவதன்று. ட்ரூடோ வயதைக் கொண்டுவந்தார். வாட்டர்சன் உரிமையைக் கொண்டுவந்தார். வேலுப்பிள்ளை ஒரு மக்களின் துயரைக் கொண்டுவந்தார். வெறுங்கையராய்த் திரும்புவோர்க்கே இடைவெளி இழப்பாகும். நம் கல்லூரியில் ஓவியமும் கவிதையும் பயின்று, பின்னர் ஊதியத்தின் பொருட்டும் இல்லத்தின் பொருட்டும் அவற்றை ஒதுக்கிவைத்த பழைய மாணவர் பலராவர். அவர்கள் அவ்வாண்டுகளை வீணென்று எண்ணற்க. கண்டதும் பட்டதும் கருத்தில் உளவாயின், கோடு மீண்டும் வரும்.