சூடு கண்ட பூனைகள்: ஒரு கம்ப்யூட்டர் கேமை ரசிகர்கள் நம்ப மறுத்த வரலாறு

பிடித்த படத்தின் அடுத்த பாகம் வருகிறது என்றால் ரசிகர்கள் விசில் அடிப்பார்கள். ஆனால் 2021 செப்டம்பரில் "ஜாகட் அலையன்ஸ் 3" என்ற கம்ப்யூட்டர் கேம் அறிவிக்கப்பட்டபோது அதன் பழைய ரசிகர்கள் பலருக்கு வந்தது சந்தோஷம் அல்ல, சந்தேகம். இரண்டாம் பாகம் வந்தது 1999ல். இருபத்திரண்டு வருடம் காத்திருந்தவர்கள் ஏன் முகத்தைச் சுளித்தார்கள்? அதைப் புரிந்துகொள்ள கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அப்படி என்ன இருந்தது அந்த கேமில்?

1981ல் வந்த "விசார்ட்ரி" மூலம் பெயர் வாங்கிய நிறுவனம் சர்-டெக். அதன் கனடா பிரிவு உருவாக்கியதுதான் ஜாகட் அலையன்ஸ் 2. கதை எளிமையானது. அருல்கோ என்ற கற்பனை நாட்டை டெய்ட்ரானா என்ற கொடுங்கோல் ராணி பிடித்து வைத்திருக்கிறாள். கூலிப்படை வீரர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, நாட்டை ஊர் ஊராக மீட்க வேண்டும். சண்டை சதுரங்கம் மாதிரி. ஒருவர் ஆடிய பிறகுதான் அடுத்தவர். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு முறைக்கு இத்தனை "ஆக்‌ஷன் பாயின்ட்" என்று கணக்கு உண்டு. நடந்தால் கொஞ்சம் போகும், குனிந்தால் கொஞ்சம் போகும், குறி பார்த்துச் சுட்டால் நிறைய போகும்.

இதெல்லாம் வேறு கேம்களிலும் உண்டு. இங்கே விசேஷம் அந்த வீரர்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனிக் குரல், தனிக் குணம். சிலருக்குச் சிலரைப் பிடிக்காது. தனக்கு ஆகாதவர் குழுவில் இருந்தால் வேலைக்கே வரமாட்டேன் என்பார்கள். ஒப்பந்தம் ஒரு நாளைக்கா, ஒரு வாரத்துக்கா, இரண்டு வாரத்துக்கா என்று பேசி முடிக்க வேண்டும். சம்பளம் கொடுக்க சுரங்கங்களைப் பிடிக்க வேண்டும். பிடித்த ஊரைக் காப்பாற்ற அந்த ஊர் மக்களுக்கே துப்பாக்கிப் பயிற்சி கொடுக்க வேண்டும். செத்தவர் செத்தவர்தான், திரும்பி வரமாட்டார். அதனால் ஒரு வீரர் விழுந்தால் ஆடுபவருக்கு நிஜமாகவே மனசு கஷ்டப்படும்.

பெயர் கைமாறிய கதை

சர்-டெக் நிறுவனம் நீடிக்கவில்லை. கேமின் உரிமை ஸ்ட்ராட்டஜி ஃபர்ஸ்ட் நிறுவனத்திடம் போனது. 2000களின் நடுவில் மிஸ்ட் லேண்ட் என்ற ரஷ்ய ஸ்டுடியோ அடுத்த பாகத்தில் இறங்கியது. ஒப்பந்தம் பாதியில் முறிந்தது. செய்து வைத்த வேலை வீணாகக் கூடாது என்று 2007ல் அது "ஹயர்டு கன்ஸ்" என்ற வேறு பெயரில் வெளியானது. முதல் சூடு.

உரிமை அடுத்து ஜெர்மனியின் பிட்கம்போசருக்கு மாறியது. 2012ல் அவர்கள் வெளியிட்ட "பேக் இன் ஆக்‌ஷன்", இரண்டாம் பாகத்தின் மறு ஆக்கம். அதே அருல்கோ, அதே வீரர்கள். ஆனால் மாறி மாறி ஆடும் முறையையே தூக்கிவிட்டார்கள்! நேரத்தை நிறுத்தித் திட்டம் போட்டு, பிறகு எல்லாரையும் ஒன்றாக ஓடவிடும் முறை வந்தது. பிரியாணி கேட்டவனுக்கு வெஜிடபிள் புலாவ் கொடுத்த மாதிரி. புலாவ் மோசமில்லை, ஆனால் கேட்டது அது இல்லையே. இரண்டாவது சூடு.

2013ல் டென்மார்க்கின் ஃபுல் கண்ட்ரோல் ஸ்டுடியோ ரசிகர்களிடமே கிக்ஸ்டார்ட்டர் மூலம் பணம் கேட்டது. மாறி மாறி ஆடும் முறை திரும்பும் என்றது. ரசிகர்கள் 3,50,000 டாலர் இலக்கைத் தாண்டிக் கொடுத்தார்கள். 2014ல் "ஃபிளாஷ்பேக்" வந்தது. முறை திரும்பியது, ஆனால் கேம் அரைவேக்காடாக இருந்தது. சீக்கிரமே அந்த ஸ்டுடியோவும் ஓய்ந்துபோனது. மூன்றாவது சூடு, இம்முறை சொந்தக் காசில்.

2015ல் உரிமை இன்றைய டிஎச்க்யூ நார்டிக் கைக்கு வந்தது. 2018ல் "ரேஜ்" வந்தது. வயதான வீரர்களை வைத்துச் சின்னதாக ஒரு கதை. பழைய ஆழம் இல்லை. நான்காவது சூடு.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். நான்கு தடவை கண்ட பூனையை என்ன சொல்வது?

சும்மா இருக்காத ரசிகர்கள்

இதே காலத்தில் இன்னொரு பக்கம் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. 2004ல் வெளியான "வைல்ட்ஃபயர்" என்ற பதிப்போடு ஜாகட் அலையன்ஸ் 2வின் மூல நிரலும் வெளியே வந்தது. ரசிகர்கள் அதை எடுத்துத் திருத்த ஆரம்பித்தார்கள். கடைசி அதிகாரப்பூர்வ பதிப்பின் எண் 1.12. ரசிகர்கள் தங்கள் பதிப்புக்கு வைத்த பெயர் 1.13. நிறுவனம் விட்ட இடத்திலிருந்து நாங்கள் தொடர்கிறோம் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கில் புதிய துப்பாக்கிகள், பெரிய திரை வசதி, புத்திசாலியான எதிரிகள் என்று வருடக்கணக்கில் சேர்த்துக்கொண்டே போனார்கள். "ஸ்ட்ராச்சியாடெல்லா" என்ற இன்னொரு குழு பழைய கேமை மாற்றாமல் இன்றைய கம்ப்யூட்டர்களில் ஓட வைத்தது. சம்பளம் கிடையாது.

ஆகவே 2021ல் சந்தேகப்பட்டவர்கள் வெறுமனே குறை சொல்லும் கூட்டம் அல்ல. அந்த கேம் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதை வரி வரியாகப் படித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். பெயருக்கான பத்திரம் நிறுவனத்திடம் இருந்தது. கேமின் நினைவு இவர்களிடம் இருந்தது.

சந்தேகம் சரியா, தப்பா?

மூன்றாம் பாகத்தைச் செய்தது பல்கேரியாவின் சோஃபியா நகரில் உள்ள ஹேமிமான்ட் ஸ்டுடியோ. "ட்ராபிகோ" தொடரின் மூன்று பாகங்கள், "சர்வைவிங் மார்ஸ்" என ஊர் கட்டும் கேம்களுக்குத்தான் பெயர் பெற்றவர்கள். 2013ல் அவர்கள் செய்த "ஒமெர்டா"வில் மாறி மாறி ஆடும் சண்டை இருந்தது, ஆனால் அது சுமாரான வரவேற்பைத்தான் பெற்றது. போதாததற்கு, 2012ல் வந்த "எக்ஸ்காம்" ஒரு முறைக்கு இரண்டே செயல்கள் என்று சண்டையை எளிமையாக்கி வெற்றி பெற்றிருந்தது. அதையே இங்கும் செய்துவிட்டால்? பயம் நியாயமானதுதான்.

2023 ஜூலை 14 அன்று கேம் வெளியானது. ஆக்‌ஷன் பாயின்ட் இருந்தது. ஒருவரையொருவர் பிடிக்காத வீரர்கள் இருந்தார்கள். சுரங்கம் இருந்தது, ஊர் மக்களுக்குப் பயிற்சி இருந்தது. கிராண்ட் ஷியான் என்ற புதிய கற்பனை நாடு. குண்டு படுமா என்பதைச் சதவீதத்தில் காட்டக்கூட மறுத்தார்கள். அதற்குத் திட்டு வாங்கினார்கள், ரசிகர்களே அதற்கும் ஒரு திருத்தம் எழுதினார்கள்! நகைச்சுவை கொஞ்சம் அதிகம் என்று சிலர் முணுமுணுத்தாலும், விமர்சகர்களும் பழைய ரசிகர்களும் பெரும்பாலும் பாராட்டினார்கள்.

அப்படியானால் சந்தேகப்பட்டவர்கள் தோற்றுவிட்டார்களா? ஸ்டுடியோவின் பழைய பட்டியலைப் பார்த்து முடிவு கட்டியவர்கள் தோற்றார்கள். ஊர் கட்டத் தெரிந்தவனுக்குச் சண்டை தெரியாது என்று சட்டம் இல்லை. ஆனால் ஆக்‌ஷன் பாயின்ட் இருக்கிறதா, வீரர்களுக்குக் குணம் இருக்கிறதா என்று கேட்டவர்கள் தோற்கவில்லை. பெயரை மட்டும் காட்டினால் போதும் என்று நான்கு முறை நடந்த வியாபாரத்துக்கு அவர்கள் தலையாட்டவில்லை. எது இருந்தால்தான் அது ஜாகட் அலையன்ஸ் என்ற பட்டியலை அத்தனை வருடம் தொலைக்காமல் வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். ஐந்தாவது முறை வந்தவர்கள் அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு வந்தார்கள்.