போட்டியிலிருந்து புதிருக்கு: தமிழ்க் குறுக்கெழுத்தும் அதன் துணைகளும்

கட்டங்களில் எழுத்துகளை நிரப்பும் சொல் விளையாட்டைத் தமிழ் இதழ்கள் பெரும்பாலும் 'குறுக்கெழுத்துப் போட்டி' என்றே அச்சிட்டு வந்துள்ளன. பரிசு எதுவும் அறிவிக்கப்படாத இடத்திலும் 'போட்டி' என்னும் சொல் தலைப்பில் ஒட்டிக்கொண்டே வருகிறது. அமெரிக்காவில் புதிராகப் பிறந்த ஒன்று தமிழில் போட்டியாக நிலைத்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அவிழாத குறிப்புக்கு அடுத்தவரிடம் விடை கேட்பது இயல்பான பழக்கமா, முறைகேடா என்ற கேள்விக்கும் அந்தப் பெயருக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது.

ஆர்தர் வின் என்பவர் அமைத்த முதல் புதிர், சாய்சதுர வடிவில், 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழில் வெளிவந்தது. பத்தாண்டுகள் கழித்து அது நூல் வடிவம் பெற்றுப் பெரும் பித்தாக மாறியபோது, துணை தேடும் பழக்கமும் உடன் வளர்ந்தது. புதிர் அவிழ்ப்போர் அகராதிகளை மொய்த்துக்கொள்வதால் மற்ற வாசகர்களுக்கு இடமில்லாமல் போகிறது என்று நியூயார்க் பொது நூலகம் அலுத்துக்கொண்டது. பால்டிமோர்-ஓஹையோ இருப்புப்பாதை நிறுவனமோ பயணிகளின் வசதிக்காகத் தன் ரயில்களிலேயே அகராதிகளை வைத்தது. துணை நாடுவதை அங்கு எவரும் குற்றமாகக் கருதவில்லை, ஏனெனில் விடை கண்டவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் மனநிறைவு மட்டுமே.

தமிழ்நாட்டில் கதை வேறு. 1928இல் ஆனந்த விகடனை விலைக்கு வாங்கிய எஸ்.எஸ்.வாசன், 1930களில் அவ்விதழில் நடத்திய பரிசுப் போட்டிகள் வாயிலாகவே குறுக்கெழுத்து தமிழ் வாசகரிடையே பரவலாக வேரூன்றியது; இதழின் விற்பனை பெருகியதில் அவற்றுக்கு முக்கியப் பங்கு உண்டு. அக்காலத்தில் நாடெங்கும் செழித்த பரிசுக் குறுக்கெழுத்துகளின் இயக்கமுறையைப் புரிந்துகொள்ள, எடுத்துக்காட்டாக ஒரு குறிப்பை அமைத்துப் பார்க்கலாம்: 'இது இல்லாதவனை உலகம் மதிப்பதில்லை' என்பது குறிப்பாகவும், முதல் கட்டத்தில் 'ப'வும் இறுதிக் கட்டத்தில் 'ம்'மும் முன்பே அச்சாகி நடுக்கட்டம் மட்டும் வெறுமையாகவும் இருப்பின், பணம், பலம் ஆகிய இரண்டுமே பொருந்தும்; சற்றே வாதாடத் தெரிந்தவர் பயத்தையும் சேர்த்துக்கொள்வார். நடுக்கட்டத்தைக் குறுக்கே வெட்டிச் செல்லும் வேறு சொல் இல்லாதபோது, எது சரி என்பதைத் தீர்மானிப்பது மொழியறிவன்று, முன்கூட்டியே முத்திரையிட்டு வைக்கப்பட்ட உறைக்குள் இருக்கும் விடை மட்டுமே. இத்தகைய இடத்தில் துணை கேட்பது என்பது உறைக்குள் என்ன இருக்கக்கூடும் என்று ஊகம் கேட்பதாகவே சுருங்கிப்போகிறது. அகராதி எவ்வளவு பெரிதாயினும் அங்கே பயன்படாது.

இதனைச் சூதாட்டம் என்று கண்டித்த குரல்கள் இறுதியில் சட்டமாயின. சென்னை உள்ளிட்ட சில மாநிலங்களின் தீர்மானங்களை அடியொற்றி நாடாளுமன்றம் இயற்றிய 1955ஆம் ஆண்டுப் பரிசுப் போட்டிகள் சட்டம், 'குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டி' என்ற பெயரைத் தன் வரையறையிலேயே குறிப்பிட்டு, மாதப் பரிசுத்தொகை 1,000 ரூபாயையும், ஒரு போட்டிக்கு வரும் விடைத்தாள்களின் எண்ணிக்கை 2,000ஐயும் தாண்டக்கூடாது என்று கட்டுப்படுத்தியது. பெங்களூரிலிருந்து பெரிய அளவில் குறுக்கெழுத்துப் போட்டிகளை நடத்திவந்த ஆர்.எம்.டி.சமர்பாக்வாலா தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1957 ஏப்ரல் 9 அன்று, வெற்றி பெரும்பாலும் திறமையைச் சார்ந்திருக்கும் போட்டிகளை இச்சட்டம் தொடாது என்றும், குருட்டு அதிர்ஷ்டத்தைச் சார்ந்தவற்றுக்கே கட்டுப்பாடு பொருந்தும் என்றும் பிரித்துக் காட்டியது. அத்தீர்ப்பை எழுதிய டி.எல்.வெங்கடராம ஐயர், முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளில் தேர்ந்து 1944இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். திறமைக்கும் வாய்ப்புக்கும் இடைப்பட்ட கோட்டை வரைய அவரினும் பொருத்தமானவர் கிடைத்திருப்பது அரிது.

பெருந்தொகை விலகியதும் புதிர் ஊர்ப்பொதுவாயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்து வன்னியம்பட்டி போன்ற சிற்றூர்களில் நாளிதழ் என்பது நெடுங்காலமாக ஒரு வீட்டின் உடைமையாக இராமல், தேநீர்க் கடையில் ஒருவர் உரக்க வாசிக்கப் பலர் கேட்கும் பொதுப்பொருளாகவே இருந்து வந்தது. அங்கு நிரப்பப்படும் கட்டமும் பலர் கூடி நிரப்புவதுதான். இவ்வட்டாரத்தில் நாளிதழும் அகராதியும் ஒரே கூரையின்கீழ் சேர்ந்த தொன்மையான இடம் ஸ்ரீவில்லிபுத்தூரின் பென்னிங்டன் நூலகம். இந்த ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த 1875இல் தோன்றி, அம்மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த பென்னிங்டனின் பெயரைத் தாங்கிய அந்நூலகம், 1910இல் ஊர் இராமநாதபுரத்தோடு சேர்ந்து 1985இல் விருதுநகர் மாவட்டமாகப் பிரிந்த பின்பும் நீடிக்கிறது. சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948இல்தான் வந்தது என்பதை நினைத்தால் அதன் முதுமை விளங்கும்.

துணையின் அளவு மொழிக்கு மொழி மாறுவதற்கு எழுத்துமுறையே முதற்காரணம். தமிழ்க் கட்டம் ஒன்றில் அமர்வது உயிரும் மெய்யும் கூடிய முழு எழுத்து; குறுக்குச் சொல்லும் நெடுக்குச் சொல்லும் சந்திக்கும் கட்டத்தில் 'கு' என்று தெரிந்தால், 247 எழுத்துகளுள் ஒன்று உறுதியாகிவிட்டது என்று பொருள். ஆங்கிலத்தில் 26இல் ஒன்று உறுதியாவதைவிட இது பன்மடங்கு பெரிய உதவி. ஆகவே அவிழ்ப்பவருக்குத் தமிழ் இரங்குகிறது, அமைப்பவரைத்தான் வாட்டுகிறது. 'மரம்' என்ற சொல் 'ம்' என்னும் புள்ளி எழுத்தில் முடிகிறது. எந்தத் தமிழ்ச் சொல்லும் புள்ளி எழுத்தில் தொடங்காதாகையால், அந்தக் கட்டத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு சொல்லைத் தொடங்க வழியில்லை. ஆனால் கீழிருந்து மேலாகக் 'குளம்' ஏறி வந்து அதே 'ம்'மில் முடியலாம். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பவற்றோடு வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்ற இரு தலைப்புகளும் தமிழ்ப் புதிர்களில் இடம்பெறுவதைப் பிழைப்புக்கான சலுகை என்று எள்ளுவோர், இந்த இலக்கண நெருக்கடியைக் கணக்கில் கொள்வதில்லை.

அவிழ்ப்பவர் கைக்கொள்ளத்தக்க நூல்களோ, புதிர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தமிழில் இருந்தன. நிகண்டு என்பது ஒரு பொருளுக்குரிய பல பெயர்களையும், ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களையும் மனப்பாடத்துக்கு ஏற்பச் செய்யுளில் தொகுத்த சொற்களஞ்சியம். மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு, தன் பதினோராம் தொகுதியில் பல்பொருள் ஒருசொற்களை எதுகை முறையில், அதாவது இரண்டாம் எழுத்தின் ஒப்புமை பற்றி அடுக்கியிருக்கிறது. முதற்கட்டம் வெறுமையாகவும் இரண்டாம் கட்டம் நிரம்பியும் இருக்கும் வரிசையோடு போராடுபவருக்கு இதைவிட வாகான அடுக்கு இல்லை. வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதி இன்னும் ஒரு படி மேல். அதன் நான்கு பகுதிகளுள் பெயரகராதி சொல்லுக்குப் பொருள் தரும்; பொருளகராதி பொருளுக்கு மாற்றுப் பெயர்களைத் தரும்; தொகையகராதி எண்ணால் வழங்கும் தொகைகளை விரிக்கும்; தொடையகராதி எதுகைச் சொற்களைத் திரட்டும். 'முக்கனிகளுள் ஒன்று' என்ற ஈரெழுத்துக் குறிப்புக்குத் தொகையகராதி வழி மூன்று கனிகளையும் அறிந்தவர், ஓரெழுத்தான மாவை உடனே விலக்கிவிடுவார். எஞ்சும் வாழை, பலா இரண்டில் எது என்பதைக் குறுக்கே வரும் சொல் சொல்லிவிடும். பணமா பலமா என்ற பழைய ஊகத்துக்கும் இதற்கும் உள்ள தொலைவே, நீதிமன்றம் பிரித்துக் காட்டிய தொலைவும்.

குறிப்பின் மேற்பொருள் ஒன்றாகவும் சொல்லமைப்பின் வழி பெறும் விடை வேறாகவும் இருக்கும் மறைகுறிப்புப் புதிர் மேனாட்டுச் சரக்கு என்றே பலர் எண்ணுகின்றனர். தண்டியலங்காரம் சொல்லணியியலில் சித்திரகவி என்ற பெயரில் வகுத்துள்ள எழுத்து விளையாட்டுகளைப் பார்த்தால் அந்த எண்ணம் தளரும். மாத்திரைச் சுருக்கம் என்பது நெடில் குறிலாகக் குறைவதால் வேறு சொல் பிறப்பது: 'காலம் குறுகினால் கப்பல்' என்று குறிப்பு வந்தால் விடை கலம். வினாவுத்தரம் என்பது சில வினாக்களின் விடைகள் சேர்ந்து வேறொரு சொல்லாவது: கறந்து பெறுவது எது, மேற்குக் கடற்கரையில் உள்ள சின்ன மாநிலம் எது என்று தனித்தனியே வினவினால் பாலும் கோவாவும் விடையாகும், இரண்டையும் அடுத்தடுத்து நான்கு கட்டங்களில் இட்டால், ஆண்டாள் பிறந்த ஊரின் கடைவீதிப் பண்டம் வந்து நிற்கும். இவ்வணிகளைப் பயின்றவருக்கு மறைகுறிப்புப் புதிரைக் கற்பிக்க ஒரு மாலைப்பொழுது போதும். பயிலாதவர் ஆங்கிலக் கையேடுகளை நாட வேண்டியிருப்பது நமது பாடத்திட்டத்தின் குறை.

சதுரகராதி இன்று ஆய்வாளரின் அலமாரி நூலாக ஒதுங்கிவிட்டது. நாளிதழ் மேசையோ ஒவ்வொரு கிளை நூலகத்திலும் காலையில் நிரம்பி வழிகிறது. எளிய எழுத்தில், மலிவு விலையில் சதுரகராதியின் பதிப்பு ஒன்றைப் பொது நூலகத் துறை வெளியிட்டு, பென்சிலைக் கயிற்றில் கட்டி வைப்பதுபோல அந்த மேசையோடு பிணைத்து வைக்க வேண்டும்.